வட்டியை வட்டி என்றே சொல்வோம்

ஏக இறைவனின் திருப்பெயரால்...

நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சி இது. மஃரிபுக்குப் பின் வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருந்தனர். பேச்சு வீட்டுக் கடனைப் பற்றித் திரும்பியது. "இன்னொரு பேங்க்ல இன்ட்ரஸ்ட் ரேட் கம்மியா இருக்கு, அங்க மாத்திக்கலாம்" என்றார் குடும்பத் தலைவர். மூத்த மகன் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஓரத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த நன்னியின் காதில் அந்தப் பேச்சு முழுவதும் விழுந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் இதே பேச்சு நடக்கிறது. ஒரு நாளும் அவர் எதுவும் சொன்னதில்லை.

சில வாரங்கள் கழித்து வங்கியிலிருந்து தமிழில் அச்சிட்ட கடிதம் ஒன்று வந்தது. பள்ளி விட்டு வந்த பேத்தி அதை உரக்கப் படித்தாள். "தங்கள் கடனுக்கான வட்டி விகிதம்..." என்று அவள் தொடங்கியதுமே நன்னியின் விரல்கள் தஸ்பீஹின் மேல் நின்றுவிட்டன.

"என்னது, வட்டியா? நம்ம வீட்டுலயா வட்டி கட்டுறோம்?"

மகன் தயங்கினார். பிறகு சொன்னார்: "அது வட்டி இல்லம்மா. பேங்க் இன்ட்ரஸ்ட்."

அன்புக்குரிய சகோதர சகோதரிகளே! அந்த மகன் பொய்யர் அல்லர். ஐவேளை தொழுபவர்; தாயிடம் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர். அந்த நொடியில் தாம் சொன்னதை அவர் உண்மையாகவே நம்பினார். நம்மை அச்சுறுத்துவது இதுதான். ஓர் ஆங்கிலச் சொல், தொழுகையாளியான ஒரு மனிதரின் உள்ளத்தில் ஹராமுக்கும் ஹலாலுக்கும் நடுவே நின்று, இரண்டையும் ஒன்றுபோல் காட்டிவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ஒரு சொல், ஐந்து முகம்

இன்ட்ரஸ்ட் என்ற சொல்லை நம் வீடுகளில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

"பையனுக்குப் படிப்பில் இன்ட்ரஸ்ட் இல்லை" என்கிறோம். அங்கே அதன் பொருள் ஆர்வம். "குடும்பத்தின் மேல் இன்ட்ரஸ்ட் எடுத்துக்கொள்வதில்லை" என்கிறோம். அங்கே அதன் பொருள் அக்கறை. பொது நல வழக்குக்கு ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. அங்கே பொருள் நலன். ஒரு சொத்தில் ஒருவருக்குப் பங்கோ உரிமையோ உண்டு என்பதை ஆங்கிலச் சட்ட ஆவணங்கள் இதே சொல்லால் குறிக்கின்றன. மகளுக்கு வரன் பார்க்கத் திருமணத் தகவல் இணையதளத்தைத் திறந்தால், அங்கும் விருப்பத்தைத் தெரிவிக்கும் பொத்தானில் இதே சொல். ஆர்வம், அக்கறை, நலன், உரிமை, விருப்பம் என ஐந்து முகங்கள். ஐந்துமே மனிதர் விரும்பும் முகங்கள்.

இந்த ஐவரோடு ஆறாவதாக, அதே சட்டையை அணிந்துகொண்டு, அதே வாசல் வழியாக, வட்டியும் வீட்டுக்குள் நுழைகிறது.

தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது. ஆர்வத்துக்கு ஆர்வம், நலனுக்கு நலன், வட்டிக்கு வட்டி என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடம் உள்ளன. வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு எதுவெல்லாம் நினைவுக்கு வருகிறது? கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி நேர வட்டி, வட்டிக்கு வட்டி, வட்டியும் முதலுமாக! வாசலில் நின்று கத்துபவன் நினைவுக்கு வருகிறான். அடகுக் கடையில் மூழ்கிய தாலி நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் பட்ட அடியெல்லாம் அந்த ஒரு சொல்லில் தழும்பாகப் பதிந்திருக்கிறது. ஆகவேதான் நன்னியின் விரல்கள் நின்றன. இன்ட்ரஸ்ட் என்ற சொல்லில் நமக்கு அந்தத் தழும்பு இல்லை. அது வழவழப்பானது; நாவில் ஒட்டாமல் வழுக்கிச் செல்வது.

அந்தச் சொல் வந்த வழி

இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று எண்ணிவிட வேண்டாம். இச்சொல்லின் வரலாறே நம் குற்றச்சாட்டுக்குச் சாட்சி.

இடைக்கால ஐரோப்பாவில் வட்டி பெரும் பாவமாகக் கருதப்பட்டது. 1179ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் லாத்தரன் கிறித்தவப் பேரவை, பகிரங்கமாக வட்டித் தொழில் செய்வோருக்குத் திருவிருந்தும் கிறித்தவ முறை நல்லடக்கமும் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அக்காலத்தில் வட்டிக்கு அவர்கள் வழங்கிய இலத்தீன் பெயர் உசுரா. பயன்பாடு என்ற பொருளில் பிறந்த சொல் அது. பணத்தைப் பயன்படுத்தக் கொடுத்ததற்குக் கூலி என்பது அதன் கருத்து.

நேர்வழி அடைபட்டபோது வணிகரும் சட்ட வல்லுநரும் சுற்றுவழி தேடினர். ரோமச் சட்டத்தில் இன்ட்டெரெஸ்ஸெ என்றொரு வழக்கு இருந்தது. இடையில் இருப்பது, வேறுபடுவது என்பது அதன் நேர்ப்பொருள். கடன் வாங்கியவர் குறித்த நாளில் திருப்பித் தராததால் கொடுத்தவருக்கு நட்டம் ஏற்பட்டால், அவர் இருக்க வேண்டிய நிலைக்கும் இப்போது இருக்கும் நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை ஈடாகப் பெறலாம் என்பது அந்த ஏற்பாடு. இது வட்டி அல்ல, இழப்பீடு என்றார்கள். தொடக்கத்தில் தவணை தவறினால் மட்டும் பெறப்பட்ட அந்தத் தொகை, காலப்போக்கில் கடன் கொடுத்த முதல் நாளிலிருந்தே கணக்கிடப்படலாயிற்று. பணம் பழைய பணம்தான். பைக்கு மட்டும் புதிய பெயர்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1545ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை வாங்குவதைப் பொறுத்துக்கொண்டது. 1552இல் அச்சட்டம் நீக்கப்பட்டு மீண்டும் முழுத்தடை வந்தது. 1571இல் எலிசபெத் அரசியின் காலத்தில் பழைய சட்டம் உயிர் பெற்றது. 1787இல் ஜெரமி பெந்தம் வட்டியைத் தற்காத்து ஒரு தனி நூலே எழுதினார். 1854இல் வட்டி வரம்புச் சட்டங்கள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன.

இந்த நீண்ட பயணத்தில் சொற்களுக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். உசுராவிலிருந்து வந்த யூஷரி என்ற ஆங்கிலச் சொல் முதலில் எல்லா வட்டியையும் குறித்தது. பின்னர் அது சுருங்கி, அளவுக்கு மீறிய கொடிய வட்டியை மட்டும் குறிக்கலாயிற்று. எஞ்சியதெல்லாம் இன்ட்ரஸ்ட் என்ற கண்ணியமான பெயரைப் பெற்றது. பாவத்தின் பழைய பெயரைத் தெருவில் நிற்கும் கொடியவனுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகையில் இருப்பவர்கள் புதிய பெயரோடு தப்பித்துக்கொண்டார்கள்.

இது ஆங்கிலத்தின் குற்றம் மட்டுமல்ல. அல்குர்ஆன் அருளப்பட்ட அரபி மொழியிலேயே இன்று பல வங்கிகள் ரிபா என்று எழுதுவதில்லை. ஃபாயிதா என்று எழுதுகின்றன. ஃபாயிதா என்றால் பயன், நன்மை. திருமறையின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே பெயர் மாற்றம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், நாம் எம்மாத்திரம்?

மார்க்கம் வைத்த கோடு

ரிபா என்ற சொல்லின் வேர்ப்பொருள் அதிகரிப்பு, வளர்ச்சி. ஆனால் எது அந்த அதிகரிப்பு என்பதில் ஐயம் எழாதவாறு அல்லாஹ் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டான். தவ்பா செய்து மீள்வோருக்கு அவர்களுடைய முதல் மட்டுமே உரியது. அவர்கள் அநியாயம் செய்யவும் வேண்டாம், அவர்களுக்கு அநியாயம் செய்யப்படவும் வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை (அல்குர்ஆன் 2:279). விடமறுப்போருக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் தூதரும் போர்ப் பிரகடனம் செய்வதாக எச்சரிப்பதும் அதே வசனம்தான்.

அதற்குச் சற்று முன்னுள்ள வசனம் (2:275) வட்டி உண்போர் எடுத்து வைத்த வாதத்தைப் பதிவு செய்கிறது. வியாபாரமும் வட்டியைப் போன்றதே என்பது அவர்களின் வாதம். அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்துவிட்டான் என்பது அதற்குப் பதில். வெவ்வேறான இரண்டு பொருள்களை ஒன்றுபோல் பேசுவதே வட்டியின் முதல் தற்காப்பு என்பதை இதிலிருந்து நாம் உணர வேண்டும். அன்று வட்டியை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசினார்கள். இன்று ஆர்வத்தோடும் நலனோடும் அக்கறையோடும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

இறுதி ஹஜ் உரையில் அறியாமைக் கால வட்டிகள் அனைத்தையும் ரத்துச் செய்த நபி (ஸல்) அவர்கள், முதலாவதாக ரத்துச் செய்தது தம் பெரிய குடும்பத்தின் வட்டியை; தம் தந்தையின் உடன்பிறந்தார் அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியை. உறவினர் என்பதால் அதற்கு மென்மையான வேறு பெயர் தேடவில்லை. ரிபா என்றே அழைத்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் அழைத்தார்கள்.

தம் சமுதாயத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டி அதை அருந்துவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. மதுவுக்கு வேறு பெயர் வைத்தவனைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். வட்டிக்கு வேறு பெயர் வைத்த நம்மைக் கண்ணாடியில் பார்க்கும்போது ஏன் முகம் சுளிப்பதில்லை?

"மூன்றரை வட்டி" என்று சொல்லிப் பாருங்கள்

பெயர் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சிறு சோதனை செய்வோம்.

நம் ஊர்களில் "இரண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. ஒருவர் தம் மச்சானிடம், "தெருக்கோடியில் ஒருவரிடம் மூன்றரை வட்டிக்குப் பணம் வாங்கினேன்" என்று சொன்னால் குடும்பமே பதறும். "உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா?" என்று கேட்கும். ஆனால் அதே மனிதரின் சட்டைப் பையில் கடன் அட்டை இருக்கிறது. அதன் நிலுவைத் தொகைக்குப் பல வங்கிகள் விதிப்பது மாதத்துக்கு 3.5 விழுக்காடு வரை. ஆண்டுக்கு 42 விழுக்காடு. அதுவும் அதே மூன்றரை வட்டிதான்! ஒன்று வெட்கம், மற்றொன்று பெருமை. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒரு சொல்.

வீட்டுக் கடனைப் பார்ப்போம். 30 இலட்சம் ரூபாயை 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 21,250 ரூபாய் வட்டி. அசலில் கழிவது ஐயாயிரத்துக்கும் குறைவு. 20 ஆண்டு முடிவில் கட்டி முடித்திருப்பது 62 இலட்சத்துக்கும் மேல். வாங்கிய அசலை விடக் கொடுத்த வட்டி அதிகம். இ.எம்.ஐ. என்ற மூன்றெழுத்து இவ்வளவையும் தன் வயிற்றில் மறைத்துக்கொண்டு, வாடகை கட்டுவதுபோல மாதாமாதம் சிரிக்கிறது.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் வட்டியே இல்லையே" என்பார்கள். கடன் அட்டையில் அவ்வாறு பொருள் வாங்கியவர்கள் தங்கள் மாதக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வட்டிக்கு இணையான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகக் கழித்திருப்பார். வங்கியோ தன் வட்டியைத் தனி வரியில் எழுதி, அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் வசூலித்திருக்கும். பூஜ்ஜிய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கிக்குத் தெரிந்தது, அல்குர்ஆன் ஓதும் நமக்குத் தெரிய வேண்டாமா?

சேமிப்புக் கணக்கின் பாஸ்புத்தகத்தில் அந்தச் சொல்லைக்கூட முழுமையாக அச்சிடுவதில்லை. மூன்று ஆங்கில எழுத்துகளில் சுருக்கிவிடுகிறார்கள். அந்த மூன்றெழுத்துக்கு எதிரே இருக்கும் தொகையைத் தனியே எடுத்துவைத்து, நன்மையை எதிர்பாராமல் வெளியேற்றிவிட வேண்டும் என்று உலமாக்கள் பலர் வழிகாட்டியுள்ளனர். எத்தனை வீடுகளில் அந்த வரி கவனிக்கப்படுகிறது?

எதிர்வாதங்கள்

"பெயரில் என்ன இருக்கிறது? செயல்தானே பாவம்" என்று கேட்பார்கள். உண்மை, பாவம் செயலில்தான் இருக்கிறது. ஆனால் தவ்பா எங்கே தொடங்குகிறது? செய்தது பாவம் என்று உணர்வதில் தொடங்குகிறது. பாவம் என்றே உணராதவன் எதிலிருந்து மீள்வான்? வட்டி கட்டுகிறோம் என்று அறிந்து கட்டுபவர் என்றேனும் ஓர் இரவில் அழுவார். விரைவில் அடைத்து வெளியேற வழி தேடுவார். இன்ட்ரஸ்ட் கட்டுபவர், இன்னும் குறைந்த விகிதத்தில் இன்னொரு கடன் கிடைக்குமா என்று தேடுவார். அந்த மாலைப் பேச்சு இதற்குச் சான்று.

"திருமறை தடுத்தது பன்மடங்காகப் பெருகும் கொடிய வட்டியை; வங்கி வாங்குவது நியாயமான அளவு" என்பது இரண்டாவது வாதம். பன்மடங்கு வட்டியைக் கண்டிக்கும் வசனம் (3:130) உண்டுதான். ஆனால் இறுதியாக வந்த கட்டளை, முதலைத் தவிர எதுவும் இல்லை என்று கோடு போட்டுவிட்டது. கொடியது, நியாயமானது என்று வட்டியை இரண்டாகப் பிரிப்பது, மேலே நாம் கண்ட இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்திலிருந்து வந்த பிரிவினை. நம் நாட்டுச் சட்டமும் அவ்வழியில் செல்வதே. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதீத வட்டியைத்தான் தடை செய்கிறது. அச்சட்டம் வந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் இரு பச்சிளம் பெண் குழந்தைகளோடு தீயில் கருகியதை நாம் மறக்கவில்லை. அளவு மீறாத வட்டி என்று கதவைத் திறந்துவிட்டால், அளவை யார் காவல் காப்பது?

மூன்றாவது வாதம் கனமானது. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். "வேறு வழியில்லை. வாடகை வீட்டில் மானம் போகிறது. மகனின் படிப்புக்குப் பணம் இல்லை. இந்த நாட்டில் வட்டியில்லா வங்கியும் இல்லை" என்கிறார்கள். வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி காண வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்ததும், அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்த செய்தி 2017இல் வெளியானதும் நாம் அறிந்தவையே. நெருக்கடி உண்மையானது. யாருடைய நெருக்கடி மார்க்கத்தில் நிர்ப்பந்தமாகக் கொள்ளத்தக்கது என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். அத்தீர்ப்பை நாம் இங்கே வழங்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். பட்டினியால் உயிர் போகும் நிலையில் இருப்பவருக்குத் தானாகச் செத்ததை உண்ண அல்லாஹ் மன்னிப்பு வைத்திருக்கிறான் (2:173). அப்போதும் அதன் பெயர் தானாகச் செத்ததுதான். நிர்ப்பந்தத்தில் உண்டவர் அதற்கு பிரியாணி என்று பெயர் வைப்பதில்லை. நாளைக்கும் வேண்டும் என்று எடுத்து வைப்பதில்லை. நிர்ப்பந்தம் குற்றத்தை மன்னிக்கலாம், பெயரை மாற்றாது. உண்மையிலேயே நிர்ப்பந்தத்தில் இருப்பவர் "வட்டி கட்டுகிறேன், அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்" என்று சொல்லட்டும். அந்த வாக்கியத்தில் ஈமான் உயிரோடு இருக்கிறது. "அது வட்டி இல்லம்மா" என்ற வாக்கியத்தில் அது மூச்சுத் திணறுகிறது.

நம் சொந்தப் பெயர் மாற்றங்கள்

ஆங்கிலத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பெயர் மாற்றும் கலையில் நாமும் தேர்ந்தவர்களே.

ஐந்து இலட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையில்லாமல் மூன்று ஆண்டு குடியிருந்து, பின் ஐந்து இலட்சத்தையும் குறையாமல் திரும்பப் பெறுகிறோம். ஒத்தி என்கிறோம், சில ஊர்களில் போக்கியம், நகரங்களில் லீஸ். கடனைக் கொண்டு பெறும் பயனும் வட்டியின் வாசலே என்று மார்க்க அறிஞர்கள் எச்சரிப்பதை எண்ணிப் பார்க்கிறோமா? நம் பெண்கள் வாரந்தோறும் கட்டும் கடனை வட்டி என்பதில்லை. "குழுவுக்குக் கட்டணும்" என்கிறார்கள். நம் கடைக்காரர்கள் சிலர் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, அதை லாபத்தில் பங்கு என்கிறார்கள். நட்டத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கு இருப்பதில்லை.

இவற்றை அடையாளம் காண ஓர் எளிய கேள்வி போதும். கடனாகக் கொடுத்த பணத்தின் மேல், அப்பணத்தின் அளவுக்கும் காலத்தின் நீளத்துக்கும் ஏற்ப ஏதேனும் கூடுதலாக வருகிறதா? வந்தால், அதற்கு எந்த மொழியில் எந்தப் பெயர் வைத்தாலும் அது வட்டியே. தனக்குச் சொந்தமான பொருளை, ஒரு விலை பேசி, தவணையில் விற்று, தாமதமானாலும் அந்த விலையைக் கூட்டாத வியாபாரியின் நிலை வேறு. அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஆகுமாக்கியுள்ளனர். வியாபாரத்தையும் வட்டியையும் பிரிக்கும் கோடு மங்கலானது அன்று. நாம்தான் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

ஜமாஅத்தார்களுக்கும் செல்வந்தர்களுக்கும் இங்கே ஒரு சொல். வட்டி ஹராம் என்று மிம்பரில் ஓங்கி ஒலிக்கிறது. கீழே அமர்ந்து கேட்கும் ஏழை, தொழுகை முடிந்து எங்கே போவார்? மகளின் பிரசவத்துக்கு இருபதாயிரம் தேவைப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவார்? பள்ளிவாசலுக்குப் பளிங்குத் தரை பதித்த மஹல்லாவில், அழகிய கடன் கொடுக்க ஒரு பைத்துல்மால் இல்லையென்றால், அந்த ஏழையை வட்டிக் கடைக்கு அனுப்பியதில் நமக்கும் பங்கு உண்டு. ஜகாத்தைப் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளியையும் அல்லாஹ் குறிப்பிட்டிருக்கிறான் (9:60). கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லி, தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்கிறான் (2:280). இவ்வசனங்கள் பணம் உள்ளவர்களை நோக்கியே பேசுகின்றன.

இன்றே செய்யத்தக்கது

பெரிய மாற்றங்களுக்குக் காலம் தேவை. பைத்துல்மால் அமைக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், நம்பிக்கை வேண்டும். கடனிலிருந்து வெளியேற ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஒன்றை இன்று இரவே செய்யலாம். அதற்குக் காசு தேவையில்லை. பணத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஆங்கிலச் சொல்லை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள்.

பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் என்று சொல்லுங்கள். பெற்றோர் மேல் அக்கறை என்று சொல்லுங்கள். கடனுக்கு மேல் கட்டுவதை வட்டி என்று சொல்லுங்கள். "இந்த வண்டிக்கு எவ்வளவு வட்டி?" என்று கடையில் எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். "வீட்டுக் கடனுக்கு மாதம் இருபத்தோராயிரம் வட்டி கட்டுகிறோம்" என்று சாப்பாட்டு விரிப்பில் அமர்ந்து பிள்ளைகள் முன் சொல்லுங்கள். நாக்கு கூசும். கூசட்டும்! அந்தக் கூச்சம்தான் நமக்குத் தேவை. இரண்டு முறை கூசிய நாக்கு, மூன்றாவது முறை கையெழுத்துப் போடப்போகும் கையைத் தடுக்கும்.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நன்னி சண்டை போடவில்லை. மறுநாள் சுப்ஹுக்குப் பின் மகனை அழைத்து, தம் கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இதை வித்து எவ்வளவு அடையுதோ அடை அத்தா. நான் மவுத்தாகுறதுக்குள்ள இந்த வீட்டுல வட்டி போயிரணும்" என்றார். கடன் முழுவதும் அடையவில்லை. ஒரு பகுதிதான் அடைந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் இன்ட்ரஸ்ட் என்று சொல்வதில்லை. வேறு வங்கிக்கு மாற்றும் பேச்சும் நின்றுபோனது. எஞ்சியதை எத்தனை மாதத்தில் அடைக்கலாம் என்பதே இப்போது அவர்களின் பேச்சு.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அந்த மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாததே அவருக்கு அல்லாஹ் செய்த ரஹ்மத்தாக அமைந்தது. ஆங்கிலம் தெரிந்த நமக்கோ கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

அல்லாஹ் வட்டியை அழித்துத் தர்மங்களை வளர்ப்பதாக வாக்களித்திருக்கிறான் (2:276). பாவத்தைப் பாவம் என்று அறியும் தெளிவையும், அறிந்தபின் விலகும் துணிவையும், விலக நினைப்பவருக்குத் தோள் கொடுக்கும் மனத்தையும் அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.